ஐந்தடுக்குக் கோபுரமும் அண்ணன் கட்டிய அறையும்

அண்ணி இறந்த செய்தி ஜப்பானில் ஒரு தொழிற்சாலை விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் எனக்குக் கிடைத்தது. தந்தியில் ஏழெட்டு ஆங்கிலச் சொற்கள்தான் இருந்தன. சுவர் விழுந்து அண்ணி மரணம், அடக்கம் முடிந்தது, பதற வேண்டாம். அனுப்பியது அண்ணன். சுவர் என்ற சொல் எனக்குப் புரியவில்லை. எந்தச் சுவர் என்று யோசித்துக்கொண்டே கையிலிருந்த கிண்ணத்துச் சூப்பைக் குடித்து முடித்தேன். அப்படிக் குடித்து முடித்தது பல வருடம் என்னை உறுத்தியது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஹைதராபாத்தில் பெரிய மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். புதிதாக வரவிருந்த ஒரு இயந்திரத்தைப் பழகி வர ஐந்து பேரை ஆறு மாதத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் நான் ஒருவன். ஒப்பந்தப்படி பாதியில் திரும்ப முடியாது. திரும்பியிருந்தாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. இன்னும் ஏழு வாரம் பாக்கியிருந்தது. ஏழு வாரமும் வேலைக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் நானும் அண்ணனும்தான். அப்பா செகந்திராபாத் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். திருச்சி பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்து, அங்கேயே ஓய்வு பெற்று, அங்கேயே கல்லறைக்கும் போனார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அண்ணன் எனக்குப் பத்து வயது மூத்தவர், ஒரு அரசு அலுவலகத்தின் கட்டுமானப் பிரிவில் ஓவர்சியர். பொன்மலையிலேயே பெண் பார்த்துக் கட்டிக்கொண்டார். அண்ணி வந்தபோது நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தேன். வீட்டில் எனக்கென்று ஒருவர் தட்டு எடுத்து வைத்தது அவள் வந்த பிறகுதான்.

அண்ணி தையல் தைப்பாள். தெருவில் பாதிப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை அவள் தைத்தது. வந்த இரண்டு வருடத்தில் காய்க்காரனிடம் தக்கினி உருதுவில் பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். "இத்னா நக்கோ பாபா", இவ்வளவு வேண்டாமப்பா, என்று அவள் பொன்மலைத் தமிழின் ராகத்தில் சொல்வதைக் கேட்டு அவனே சிரித்துவிட்டுக் குறைத்துக் கொடுப்பான். நான் புறப்படும்போது எல்லாரும் ரேடியோ வேண்டும், கடிகாரம் வேண்டும் என்று சொல்ல, அவள் ஊசி கேட்டாள். ஜப்பான் ஊசி துருப்பிடிக்காதாம். முதல் மாதச் சம்பளத்திலேயே ஊசி வாங்கி வைத்தேன். அதைப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் விடுதி அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

தந்தி வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐவரையும் ஒரு பழைய கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அங்கே ஐந்தடுக்கு மரக் கோபுரம் ஒன்று இருந்தது. கருத்துப்போன மரம், ஒன்றின் மேல் ஒன்றாக விரிந்த ஐந்து கூரைகள். பல நூறு வருடமாக எத்தனையோ பூகம்பம் பார்த்தது, ஒன்றிலும் விழவில்லை என்றார் எங்களோடு வந்த ஜப்பானிய ஃபோர்மேன். எப்படி என்று கேட்டேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்த மரப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி பெஞ்சை ஆட்டிக் காட்டினார். கீழ்ப் பெட்டி இடப்பக்கம் நகர்ந்தால் மேல் பெட்டி வலப்பக்கம் நகர்ந்தது. ஒவ்வொரு மாடியும் தனித்தனிப் பெட்டி, ஆணி அடித்து இறுக்கியதில்லை, மரத்துக்குள் மரம் கோத்தது. நடுவில் கீழிருந்து உச்சி வரை ஒரே ஒரு தூண். அந்தத் தூண் மாடிகளைத் தாங்கவில்லை. மாடிகள் மிஞ்சி ஆடிவிடாமல் நடுவில் நிற்கிறது, அவ்வளவுதான். சுற்றியுள்ள கால்களையும் மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் சும்மா நிறுத்தியிருந்தார்கள். நான் இதையெல்லாம் ஒரு வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டு, கோபுரத்தின் முன்னால் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

பிறகு கணக்குப் பார்த்தபோது தெரிந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள்தான் லோத்குண்டாவில் எங்கள் வீட்டுச் சுவர் விழுந்திருக்கிறது.

விடுதியில் ஒருமுறை நானும் பூகம்பம் பார்த்தேன். குழாய்களும் ஜன்னல்களும் படபடவென்று அடித்துக்கொண்டன. நாங்கள் ஐந்து பேரும் தட்டைப் போட்டுவிட்டு வெளியே ஓடினோம். அந்த ஊர்க்காரர்கள் சூப்பு சிந்தாமல் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆட்டம் நின்ற பிறகு மறுபடி சாப்பிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை ஹைதராபாத்தில் வந்த பூகம்பம் அதில் கால் பங்குகூட இருக்காது. சில நொடிதான். பாதிப் பேர் தெருவில் லாரி போகிறது என்று நினைத்தார்களாம். எங்கள் தெருவில் விழுந்தது ஒரே ஒரு சுவர்.

லோத்குண்டாவில், ராணுவ நிலத்தின் வேலியை ஒட்டி எங்கள் வீடு. அண்ணனே நின்று கட்டியது. கீழே இரண்டு அறையும் ஒரு கூடமும். எனக்குப் பெண் பார்த்து முடிவான பிறகு மொட்டை மாடியில் எனக்கென்று ஒரு அறை எழுப்ப ஆரம்பித்தார். நான் புறப்படும்போது நான்கு சுவரும் முழு உயரத்துக்கு நின்றன. கூரை போடவில்லை. வந்த பிறகு ஷீட்டோ சிமெண்ட்டோ போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். அன்று சாயங்காலம் அண்ணி அந்தச் சுவரின் நிழலில் நின்று காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாளாம். அண்ணன் வேலையில் இருந்தார். பத்து வயது மகள் பள்ளிப் பேருந்தில் வந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் செங்கல்லை அள்ளிப் போட்டுவிட்டு ஆட்டோவில் எடுத்துப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உயிர் இருந்தது என்று சொன்னார்கள்.

வேலை முடிந்து ஊர் திரும்புவதற்கு நான்கு நாள் முன்பு, அண்ணன் மகளுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று கடைத்தெருவுக்குப் போனேன். அம்மா இல்லாத பிள்ளைக்கு என்ன வாங்குவது? ஒரு கடை வாசலில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்று டிவி கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். திரையில் நான் பார்த்த அதே மாதிரி ஐந்தடுக்குக் கோபுரம். கையில் விளக்கோடு ஒரு குட்டி மனிதன் மாடி மாடியாக ஏறுகிறான். திடீரென்று தரை ஆடுகிறது. ஒவ்வொரு மாடியும் ஒன்றுக்கு எதிராக ஒன்று நகர்கிறது, ஓடுகள் உதிர்கின்றன. குட்டி மனிதன் நடுத்தூணைப் பிடித்துக்கொண்டால் பிழைப்பான், இல்லாவிட்டால் விழுவான். கோபுரம் மட்டும் விழவே விழாது. வெகுநேரம் நின்று பார்த்தேன். அதை ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கு என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சுவர் விழுந்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோகிறோம் என்ற நினைப்பு அப்போது வரவில்லை.

வீட்டு வாசலில் அண்ணன் நின்றிருந்தார். தாடி வளர்ந்து நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால், படிக்கட்டின் கீழே, மாடியிலிருந்து இறக்கிப் போட்ட செங்கல் குவிந்து கிடந்தது. அவரைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும் என்றுதான் விமானத்தில் நினைத்துக்கொண்டு வந்தேன். குவியலைப் பார்த்ததும் வாயிலிருந்து வேறு வந்தது.

"நீ கட்டின சுவர்தானேண்ணே?"

"ஆமா" என்றார். குனிந்து என் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன் பிறகு ஒரு மாதம் நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டுமே பேசினோம். சோறு இருக்கிறது, தண்ணீர் வந்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிறது. காலையில் கம்பெனி பஸ் பிடித்து நான் போனால் அவர் பிள்ளையைக் கிளப்பிவிட்டு வேலைக்குப் போவார். ஞாயிறு மூன்று பேரும் சர்ச்சுக்குப் பூசைக்குப் போவோம், பிறகு கல்லறைக்கு. போலாரம் பக்கம் வெயிலில் நடந்து திரும்பும்போது பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் யார் கையையும் பிடிக்காமல் வருவாள். அவள் தமிழ் பேசுவதை நிறுத்தியிருந்தாள். முன்பும் அம்மாவிடம் மட்டும்தான் தமிழில் பேசுவாள். மற்றவர்களிடம் பள்ளியில் பழகிய இந்தியும் இங்கிலீஷும்தான். இப்போது தமிழில் பேச ஆள் இல்லை.

கேம் பெட்டியைப் பல நாள் வெளியே எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவளே என் அறையில் பார்த்துவிட்டாள். அதை நம் ஊர் டிவியில் ஓட வைப்பது லேசில்லை. அங்கே மின்சாரம் நூறு வோல்ட். டிவி அலைவரிசையும் வேறு. ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி, டிவியின் முதுகைக் கழற்றி, உள்ளே நேராக ஒயர் கொடுத்தேன். படம் முதலில் கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்த திருகைத் திருப்பித் திருப்பி ஒருவழியாக நிறுத்தினேன். வண்ணம் வரவே இல்லை. கடையில் சிவப்பும் பொன்னுமாக இருந்த கோபுரம் எங்கள் வீட்டில் சாம்பல் நிறத்தில் நின்றது.

பிள்ளை ஆட ஆரம்பித்தாள். அண்ணன் முதல் நாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்று பார்த்தார். மறுநாளும் நின்றார். மூன்றாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் தரை ஆடியது. மாடிகள் இப்படியும் அப்படியும் நகர்ந்தன, நின்றன. பிள்ளை திரும்பி அவரைப் பார்த்தாள்.

"டாடி, யே கைக்கு நை கிரா?"

இது ஏன் விழவில்லை என்று கேட்டாள். வெறும் கேள்விதான், அவள் குரலில் வேறு எதுவும் இல்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார். ஜப்பானைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"நிஜத்துலயும் அப்படித்தானா?"

நான் சமையலறைக்குப் போய் என் டிபன் கேரியரைக் கொண்டுவந்தேன். பிடியைக் கழற்றிவிட்டு நான்கு டப்பாக்களையும் சும்மா அடுக்கினேன். மேஜையை ஆட்டினேன். ஃபோர்மேன் சொன்னதையெல்லாம் சொன்னேன். கல்லின் மேல் நிற்கும் கால்கள், ஆணியில்லாத கோப்பு, நடுத்தூண். அண்ணன் தன் தொழில் விஷயம் கேட்பவர் போல முன்னால் சாய்ந்து கேட்டார். பல வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. டப்பாக்களை அவரே ஒருமுறை அடுக்கி ஆட்டிப் பார்த்தார்.

"மரத்துக்குச் சரி" என்றார். "வளைஞ்சு கொடுக்கும். செங்கல்லுக்கு வளையத் தெரியாது. நாலு சுவரையும் சேத்து மேல ஒரு பெல்ட் சுத்தியிருக்கணும்."

ஜன்னல் மட்டத்துக்கு மேலே எல்லாச் சுவர்களையும் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையைத்தான் மேஸ்திரிகள் பெல்ட் என்பார்கள். அந்தச் சொல்லை அவர் சொன்ன அந்த நொடியில் எனக்கு அது ஞாபகத்துக்கு வந்தது. அதுவரை ஒரு தடவைகூட வராத ஞாபகம்.

நான் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, மொட்டை மாடியில் நாங்கள் இருவரும் மேஸ்திரியும் நின்றிருந்தோம். சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருந்தது. பெல்ட் போட்டுவிடலாம் என்றார் அண்ணன். அதற்குப் பலகை அடைக்க வேண்டும், கம்பி கட்ட வேண்டும், கான்கிரீட் இறுக ஒரு வாரம் தண்ணீர் விட வேண்டும். பெண் வீட்டார் திருச்சியிலிருந்து அடுத்த வாரம் வருவதாக இருந்தது. அவர்கள் வரும்போது சுவர் முழுதாக எழும்பியிருக்க வேண்டும் என்பது என் அவசரம். ஹைதராபாத்தில் பூமி ஆடுமா, பாறை மேல் உட்கார்ந்திருக்கிறோம், பெல்ட்டும் நக்கோ ஒன்றும் நக்கோ என்று நான்தான் சொன்னேன். மேஸ்திரி சிரித்தான். அண்ணன் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சரி என்றார்.

பிள்ளை எதிரில் எதுவும் சொல்ல முடியவில்லை. டப்பாக்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தேன். மறுநாள் சாயங்காலம் அண்ணன் மாடியில் மிச்சமிருந்த மூன்று சுவர்களை மேலிருந்து ஒவ்வொரு செங்கல்லாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே கூடத்தில் கேமின் கீச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் மேலே போனேன். பெல்ட் வேண்டாமென்று சொன்னது நான்தான் என்று சொன்னேன்.

"ஞாபகம் இருக்கு" என்றார்.

"அப்ப நான் வந்த அன்னிக்கு ஏன் சொல்லல?"

அவர் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தார். "சொன்னது நீ. கட்டினது நான். ஓவர்சியர் நீயில்ல." பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, "உன் மேல கொஞ்சம் தூக்கிப் போட்டா எனக்கு இறங்கும்னு நினைச்சுப் பாத்தேன்டா. இறங்காதுன்னு தெரிஞ்சுது" என்றார்.

அழுதேன். அவர் அழவில்லை. இருட்டும் வரை இரண்டு பேரும் செங்கல் கழற்றினோம். அன்றோடு எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பேச்சு திரும்பி வந்தது, அவ்வளவே. நான் வாசலில் கேட்ட அந்தக் கேள்வியை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

என் கல்யாணம் மேளமில்லாமல் நடந்தது. அந்த வீட்டில் மனைவியோடு குடியிருக்க எனக்கு மனம் வரவில்லை. தொழிற்சாலைக்குப் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் வாடகை வீடு பார்த்துக்கொண்டேன். பெண் பிள்ளையைத் தனியாக வளர்க்க முடியாது என்று அண்ணியின் தங்கை வந்து அவளைப் பொன்மலைக்கு அழைத்துப் போனாள். ரயிலேற்ற நான்தான் போனேன். அண்ணன் ஸ்டேஷன் வாசல் வரை வந்துவிட்டு, டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லி வெளியிலேயே நின்றுவிட்டார். பிளாட்பார டிக்கெட் என் சட்டைப்பையில் இரண்டு இருந்தன.

கேம் பெட்டி அண்ணனிடமே இருந்தது. நான் வாரம் ஒருமுறை பஸ் பிடித்து லோத்குண்டா போவேன். பெரும்பாலும் அவர் டிவி முன்னால்தான் இருப்பார். நாற்பதைத் தாண்டிய மனிதர், பனியனோடு, மடியில் கேமை ஆட்டும் பொத்தான்கள் வைத்த சின்னக் கட்டையை வைத்துக்கொண்டு. அவர் ஜெயிக்க ஆடவில்லை. குட்டி மனிதனை நான்காவது மாடி வரை ஏற்றிக்கொண்டு போய் நடுத்தூண் பக்கத்தில் நிறுத்திவிடுவார். பிறகு காத்திருப்பார். தரை ஆடும். தூணைப் பிடித்துக்கொள்வார். கோபுரம் முழுக்க நெளிந்து நெளிந்து நிற்கும். மறுபடி காத்திருப்பார். மேலே ஏறச் சொன்னால் ஏற மாட்டார். இதுவரை எத்தனை ஆட்டம் தாங்கியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். எண்ணவில்லை என்றார்.

அலுவலகத்தில் அவர் மாறிப்போனார். எந்தச் சின்னக் கட்டடமானாலும் பெல்ட் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார். சைக்கிள் ஷெட்டுக்குக்கூட பெல்ட் கேட்கிறான் என்று காண்டிராக்டர்கள் மேலே புகார் சொன்னார்கள். அவரைப் பெல்ட் ஓவர்சியர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடைசியில் பழைய வரைபடங்களைக் காக்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஜன்னல் இல்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதில்லை. லோத்குண்டா வீட்டின் கீழ் அறைகளுக்கு மட்டும் விடுமுறை நாட்களில் சுவரை வெட்டி, கம்பி கொடுத்து, பெல்ட் போட்டார். இரண்டு வருடம் பிடித்தது. முடிந்தபோது அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஒரு கோடையில் கேம் பெட்டி நின்றுபோனது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சில்லு போயிருந்தது, இங்கே கிடைக்காது. ஜப்பான் போகும் யாரிடமாவது சொல்லி வாங்கலாம் என்றேன். வேண்டாம் என்று பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார். டிவியையும் அதன் பிறகு அதிகம் போட்டதில்லை.

தொண்ணூறில் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்தாள். பதினைந்து வயது. நல்ல பொன்மலைத் தமிழ் பேசினாள், அண்ணியின் ராகமும் இருந்தது. அண்ணன் அவள் பேசும்போது கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, மாடில அந்த ரூமு யாருக்குக் கட்டினது?"

"எனக்கு" என்றேன்.

"அப்பா கிட்ட கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு."

அவருக்குச் சொல்ல மனம் வராது என்றேன். பிறகு மற்றதையும் சொன்னேன். பெல்ட், என் அவசரம், நான் சொன்ன வார்த்தை, மேஸ்திரி சிரித்தது, எல்லாம். அவள் கடைசி வரை கேட்டாள். எழுந்து போய் என் மனைவிக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள். மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது போய்ட்டு வரேன் என்று மட்டும் சொன்னாள்.

அதுவரை மாதத்துக்கு ஒன்று என்று பொன்மலையிலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த கடிதம் அந்தக் கோடைக்குப் பிறகு வரவில்லை. அண்ணனுக்கு மட்டும் எழுதினாள். அவர் அதை எனக்குப் படித்துக் காட்டுவார். என்னை விசாரித்து ஒரு வரியாவது இருக்கும் என்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இல்லாதபோது அவராக ஒரு வரி சேர்த்துப் படிப்பார்.